‘லைசென்ஸ் ரத்து’ என்றால் என்ன? அது எப்படித் திரும்ப வரும்?

நம் ஊரில் யாருடைய லைசென்ஸுக்கு எது நேர்ந்தாலும் அதற்கு ஒரே சொல்தான்: ரத்து. சிக்னலில் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டாலும் ரத்து, ஆர்.டி.ஓ. மூன்று மாதம் நிறுத்தி வைத்தாலும் ரத்து, நீதிமன்றம் ஒரேயடியாகப் பிடுங்கினாலும் ரத்து. பேச்சுக்கு இது போதும். ஆனால் போன லைசென்ஸைத் திரும்ப வாங்கப் போகிறவருக்கு இந்த ஒரே சொல்தான் பெரிய இடைஞ்சல். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு. திரும்பி வரும் வழியும் வேறு. மூன்று மாதத்தில் தானாக வரும் என்று காத்திருந்துவிட்டு, அது வராத வகை என்று பிறகு தெரிந்து கைபிசைகிறவர்கள் உண்டு. புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்று புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, உண்மையில் ஒரு பயிற்சி வகுப்பை முடித்திருந்தாலே பழையது கைக்கு வந்திருக்கும் என்று அறிந்து நொந்துபோகிறவர்களும் உண்டு.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எப்போது திரும்பக் கிடைக்கும்’ என்பதல்ல. ‘யார் எடுத்தார்கள், எந்தப் பிரிவில் எடுத்தார்கள்’ என்பதுதான். இந்தியா முழுவதற்கும் சட்டம் ஒன்றே: 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 2019-ல் அதைப் பெரிய அளவில் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அபராதங்கள் கூடின என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. லைசென்ஸைப் பறிக்கும் விதிகளும் அதே திருத்தத்தில் இறுகிவிட்டன என்பது பலருக்குத் தெரியாது.

சாலையில் வாங்கிக்கொண்டால்

ஈரோட்டில் ஒருவர் பைக்கில் போகிறார், சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார், போக்குவரத்துக் காவலர் நிறுத்தி லைசென்ஸை வாங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு ரசீது கொடுக்கிறார். நண்பர் சொல்கிறார்: “ரசீது இருக்குல்ல, அதை வச்சே ஓட்டலாம்.”

நண்பர் சொல்வது பாதி உண்மை. இந்தச் சட்டத்தின் 206-ம் பிரிவில் காவலர் லைசென்ஸை எடுப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. ஓட்டுநர் தலைமறைவாகிவிடுவார், சம்மனுக்கு வரமாட்டார் என்று நினைத்து எடுத்தால், அது நீதிமன்றத்துக்குப் போகும். அப்போது தரும் ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு, லைசென்ஸ் திரும்பி வரும் வரையோ அதில் குறித்த தேதி வரையோ வண்டி ஓட்டலாம். பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான்.

2019-ல் சேர்த்த 206(4) அப்படியல்ல. அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், பந்தயம் விடுதல், பைக்கில் மூன்று பேர் போவது, ஹெல்மெட் போடாதது, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது முதலிய குற்றங்களுக்குக் காவலர் லைசென்ஸை எடுத்து நேராக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். நம் வழக்கில் ஆர்.டி.ஓ.வுக்கு. இங்கும் ஒப்புகைச் சீட்டு உண்டு. ஆனால் அந்தச் சீட்டு வண்டி ஓட்ட அனுமதி ஆகாது என்று சட்டமே சொல்லிவிட்டது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துண்டுக் காகிதம். ஒன்றை வைத்து ஓட்டலாம், மற்றதை வைத்து ஓட்டக் கூடாது. எனவே சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைப்பதற்கு முன், அதில் என்ன பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்து புரியவில்லை என்றால் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சிவப்பு விளக்கைத் தாண்டுவது இந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று கேட்கலாம். ‘அபாயகரமாக ஓட்டுதல்’ என்ற 184-ம் பிரிவுக்கு 2019-ல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கை மீறுவது, கையில் செல்போன் வைத்துப் பேசிக்கொண்டே ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது, தப்பாக முந்துவது எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ‘ராங் சைடுல கொஞ்ச தூரம்தான் வந்தேன்’ என்பதும் சட்டத்தின் கண்ணில் அபாயகரமாக ஓட்டியதுதான்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதையும் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைப் பற்றி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். அந்த வழக்கில் 2014-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. அதிவேகம், சிக்னல் மீறல், குடிபோதை, செல்போன், அளவுக்கு மீறிய சரக்கு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவையுங்கள் என்று அந்தக் குழு 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. ‘மூன்று மாதம்’ என்ற எண் நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். லைசென்ஸை எடுக்கலாம், அனுப்பலாம். அதற்கு மேல் காவலரால் எதுவும் செய்ய முடியாது. நிறுத்திவைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது ஆர்.டி.ஓ.வுக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு. அதே சமயம், ‘ஸ்பாட்லயே ஃபைன் கட்டிட்டேன், கதை முடிஞ்சது’ என்று நினைப்பதும் தவறு. அபராதம் கட்டிச் சமரசமாக முடித்தாலும் 206(4) நடவடிக்கையிலிருந்து தப்பிக்க முடியாது என்று 200-ம் பிரிவிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பணம் ஒரு கணக்கு, லைசென்ஸ் வேறு கணக்கு. இந்த ஒரு வரி தெரியாமல்தான் பாதிப் பேர் நோட்டீஸ் வந்ததும் திகைத்துப்போகிறார்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வரும் கடிதம்

லைசென்ஸ் ஆர்.டி.ஓ.விடம் போன பிறகு, ‘உங்கள் உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது’ என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வரும். 19-ம் பிரிவு உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்க அனுமதிப்பதில்லை. இந்தக் கடிதத்தைத்தான் மக்கள் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள். அலமாரி மேல், கரண்ட் பில்லுக்கு அடியில், அப்படியே கிடக்கும். என்னைக் கேட்டால் இந்த முழு விவகாரத்திலும் உங்கள் கையில் உண்மையான பலம் இருக்கும் ஒரே இடம் இதுதான்.

ஏன் என்று பாருங்கள். 206(4) வழியாக வந்த லைசென்ஸில் ஆர்.டி.ஓ.வுக்கு இரண்டு வாய்ப்புதான். உங்களை விடுவிக்கலாம். அல்லது காரணங்களை விரிவாக எழுதிவைத்து, முதல் முறை என்றால் மூன்று மாதம் தகுதி நீக்கலாம் (அதாவது, அதுவரை வண்டி ஓட்டத் தடை), இரண்டாவது முறை அல்லது அதற்கு மேல் என்றால் லைசென்ஸையே ரத்து செய்யலாம். ஆக, விடுவிப்பதும் சட்டத்தில் உள்ள ஒரு முடிவு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடத்தான் கோட்டைத் தாண்டினேன், அன்று வண்டியை ஓட்டியது நானல்ல, வண்டி எண்ணைத் தவறாகக் குறித்துவிட்டார்கள் என்று சொல்வதற்கு நியாயம் இருந்தால், அதை எழுத்தில் கொடுங்கள். ஆதாரம் இருந்தால் இணையுங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் நேரில் போங்கள். போகாவிட்டால் உங்கள் பக்கத்தில் சொல்ல எதுவும் இல்லை என்று கோப்பில் எழுதுவார்கள். அப்புறம் மேல்முறையீட்டில் அதே கோப்புதான் பேசும்.

தப்பு நம்முடையதுதான் என்றால்? அதையும் சுருக்கமாக ஒப்புக்கொண்டு, இதுவே முதல் முறை என்றும், பிழைப்பே வண்டிதான் என்றால் அதையும் எழுதலாம். நீளமாக அழுது எழுதுவதில் பலனில்லை. ‘முதல் முறை’ என்பது சட்டத்தில் அர்த்தமுள்ள சொல். அதை மட்டும் பதிய வையுங்கள்.

பிறகு ஆணை வரும். தமிழ்நாட்டு அலுவலகங்களில் இதைச் ‘செயல்முறைகள்’ என்பார்கள். மேலே ந.க. எண் (கோப்பு எண்), தேதி, பொருள், பார்வை என்று வரிசையாக இருக்கும். பலர் ‘மூன்று மாதம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் காகிதத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் அதில் உங்களுக்குத் தேவையான வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? எந்தப் பிரிவு? எந்த வகை வண்டி? இந்தக் கடைசிக் கேள்வி ஓட்டுநர்களுக்கு உயிர்நாடி. சட்டம் ‘எல்லா வகையும் அல்லது ஏதேனும் ஒரு வகை’ என்று அதிகாரிக்கு இடம் கொடுக்கிறது. கனரக வண்டிக்கு மட்டும் என்று ஆணை போட்டிருந்தால், லாரி ஓட்டுநர் தன் சொந்த பைக்கில் கடைக்குப் போவதற்குத் தடையில்லை. எல்லா வகைக்கும் என்று போட்டிருந்தால் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லைக்கூடத் தொட முடியாது.

ஆணை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மூன்று மாதத் தடைக்காக மேல்முறையீடு செய்வது பெரும்பாலும் வீண் என்பது என் எண்ணம். அது முடிவதற்குள் தண்டனைக் காலமே முடிந்துவிடும். ஆனால் உங்களைக் கேட்காமலே ஆணை போட்டிருந்தாலோ, ‘இரண்டாவது முறை’ என்று தவறாகக் கணக்கிட்டு நிரந்தரமாக ரத்து செய்திருந்தாலோ, அந்த 30 நாளை விட்டுவிடாதீர்கள்.

மூன்று மாதம் முடிந்தது. அப்புறம்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 91-வது நாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2019-க்கு முன் இது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. இப்போது 19-ம் பிரிவில் ஒரு நிபந்தனை சேர்ந்திருக்கிறது: ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தால் மட்டுமே தடைக்காலம் முடிந்ததும் லைசென்ஸைத் திருப்பித் தர வேண்டும். இந்தப் பயிற்சியை அரசு உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலோ அறிவிக்கப்பட்ட வேறு அமைப்பிலோ எடுக்க வேண்டும். தெருமுனையில் எல் போர்டு தொங்கவிட்ட காரில் மாமா ஒருவர் கற்றுக்கொடுத்துச் சான்று எழுதித் தந்தால் செல்லாது.

ஆகவே ஆணை கையில் வந்த அன்றே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்: ‘பயிற்சி எங்கே, எப்போது, சான்றை எந்த வடிவில் கொண்டுவர வேண்டும்?’ கடைசி வாரத்தில் கேட்டால், அடுத்த வகுப்பு அடுத்த மாதம் என்பார்கள். மூன்று மாதம் நான்காகிவிடும். இது சட்டம் கொடுத்த தண்டனை அல்ல, நாமே இழுத்துக்கொண்டது.

பயிற்சிச் சான்று, ஆணையின் நகல், காவலர் கொடுத்த ஒப்புகைச் சீட்டு, அடையாள அட்டை இவற்றோடு திரும்பக் கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் இன்னொரு வேலை பாக்கி. மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு நிலையைப் பாருங்கள். தடையை அங்கே நீக்க மறந்திருந்தால், அடுத்த சோதனையில் காவலரின் கருவியில் இன்னும் ‘நிறுத்திவைப்பு’ என்றே காட்டும். அட்டை அசல்தான், ஆனால் கணினி ஒத்துக்கொள்ளாது. நடுரோட்டில் நின்று இதை விளக்குவதைவிட, அலுவலகக் கவுண்டரிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது.

நீதிமன்றம் எடுத்தால்

இது வேறு உலகம். இங்கே முதலில் குடிபோதை வழக்கைப் பேசிவிடலாம், ஏனென்றால் நம் ஊரில் நீதிமன்றம் வரை போகும் லைசென்ஸ் வழக்குகளில் அது சாதாரணமாக வரும் ஒன்று.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-ம் பிரிவு. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இந்த எண்களை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது 20-ம் பிரிவை. 185-ல் தண்டித்தால் நீதிமன்றம் தகுதி நீக்கமும் செய்தே ஆக வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்குக் குறையாமல். அதாவது, பத்தாயிரத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது, லைசென்ஸையும் சேர்த்தே ஒப்புக்கொடுக்கிறீர்கள். இது தெரிந்து ஒப்புக்கொள்வது வேறு, தெரியாமல் ஒப்புக்கொள்வது வேறு.

இரண்டாவது முறை 185-ல் தண்டனை பெற்றால் 22-ம் பிரிவு வருகிறது. அங்கே நீதிமன்றம் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும். ‘செய்யலாம்’ அல்ல, ‘வேண்டும்’.

ஏற்கெனவே 184-ல் தண்டனை பெற்ற ஒருவரை, மறுபடி அபாயகரமாக ஓட்டி மரணமோ கொடுங்காயமோ ஏற்படுத்தியதாகத் தண்டித்தால், அதே 22-ன் கீழ் நீதிமன்றம் லைசென்ஸை ரத்து செய்யலாம் அல்லது ஒரு காலத்துக்கு நிறுத்திவைக்கலாம். நிறுத்திவைத்த லைசென்ஸ் திரும்பி வர இரண்டு விஷயம் தேவை. ஒன்று, புதிதாக ஓட்டுத் தேர்வு. இரண்டு, மருத்துவச் சான்று. அதுவும் தடைக்காலம் முடிந்த பிறகு எழுதும் தேர்வுதான் கணக்கு, நடுவில் எழுத முடியாது. இருபது வருடம் பஸ் ஓட்டியவரும் மறுபடி மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். நம் ஆட்கள் இன்னும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்கிறார்கள், அவர் பிரேக்கை மட்டும் பார்ப்பதில்லை என்றாலும்.

184-ல் தண்டித்த நீதிமன்றம், ‘தேர்வில் தேறும் வரை தகுதி நீக்கம்’ என்றும் உத்தரவு போடலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. உத்தரவில் ஆறு மாதம் என்று எழுதி, கூடவே தேர்வையும் எழுதியிருந்தால், ஆறு மாதம் முடிந்தாலும் தேர்வில் தேறாத வரை தடை நீங்காது. காலண்டரைப் பார்த்து நம்பிவிட முடியாது.

சில வேளைகளில் தீர்ப்பே தேவையில்லை. ஏற்கெனவே 184-ல் தண்டனை பெற்ற ஒருவர் மீது, மறுபடி அபாயகரமாக ஓட்டி மரணமோ கொடுங்காயமோ ஏற்படுத்தினார் என்று காவல் நிலையத்தில் வழக்குப் பதிந்தாலே போதும், 21-ம் பிரிவுப்படி அந்த வகை வண்டிக்கான லைசென்ஸ் ஆறு மாதம் தானாகவே நின்றுவிடும். அதற்குள் விடுவிக்கப்பட்டால் அன்றோடு தடை முடியும். கடிதம் எதுவும் கைக்கு வரும் முன்பே தடை தொடங்கிவிடும் என்பதால் இது ஆபத்தான வகை.

நீதிமன்றத் தடை மீது மேல்முறையீடு போட்டுவிட்டால் வண்டி ஓட்டலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஓட்ட முடியாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தடைக்குத் தடை விதித்தால்தான் ஓட்டலாம். வக்கீலிடம் ‘அப்பீல் போட்டாச்சா’ என்று மட்டும் கேட்காமல், ‘ஸ்டே வாங்கியாச்சா’ என்றும் கேட்க வேண்டும்.

தடைக்காலம் நீளமாக இருந்தால்

ஒன்றிரண்டு வருடம் என்று தடை விழுந்தவர்களுக்கு 23-ம் பிரிவில் ஒரு ஜன்னல் இருக்கிறது. இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. உத்தரவு தேதியிலிருந்து ஆறு மாதம் கழிந்த பிறகு, எந்த அதிகாரி அல்லது எந்த நீதிமன்றம் தடை போட்டதோ அவர்களிடமே, தடையை நீக்கும்படி மனு கொடுக்கலாம். எல்லாச் சூழ்நிலைகளையும் பார்த்து அவர்கள் நீக்கலாம், மாற்றலாம், மறுக்கலாம். மறுத்துவிட்டால் அடுத்த மனுவுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி ஓட்டுநருக்கு ஒன்றரை வருடத் தடை என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆறாவது மாதம் முடிந்ததும் மனு போடலாம். மனுவில் என்ன எழுதுவது? ‘பிள்ளைகள் படிக்கிறார்கள்’ என்பது எல்லோரும் எழுதுவதுதான். அதோடு, இந்த ஆறு மாதத்தில் வேறு வழக்கு எதுவும் இல்லை, புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்கிறேன், கண் பரிசோதனை செய்திருக்கிறேன், குடி காரணமாக வந்த தடை என்றால் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று காகிதத்தோடு காட்டினால் அதற்கு எடை உண்டு. முன்னாள் முதலாளி ‘தடை நீங்கினால் திரும்ப வேலை தருகிறேன்’ என்று ஒரு கடிதம் கொடுத்தால் இன்னும் நல்லது. மனு போட்ட எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

நீண்ட தடையில் இன்னொரு கண்ணி: லைசென்ஸின் ஆயுள். தடை இருக்கும்போதே காலாவதியாகிவிட்டால், காலாவதியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தாண்டினால் மறுபடி ஓட்டுத் தேர்வு. கனரக மற்றும் வாடகை வண்டி லைசென்ஸுக்கு அதிகபட்சம் ஐந்து வருடம்தான் ஆயுள் என்பதால், தடை போட்ட அன்றே அட்டையில் காலாவதித் தேதியைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

உண்மையான ரத்து

கடைசியாக, ரத்து என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பொருத்தமான வகை. இங்கே திரும்பி வருவதற்குப் பழைய லைசென்ஸே இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்.எல்.ஆர். போட வேண்டும். அதற்குப் பிறகு குறைந்தது 30 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வு. பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று பைக்கில் எட்டு போட வேண்டும். தினமும் பைக் ஓட்டியவர்கள்தான் இந்த எட்டில் கால் ஊன்றிவிடுகிறார்கள் என்று ஓட்டுநர் பள்ளிக்காரர்கள் சொல்வார்கள். நேர்ரோட்டு வேகத்துக்குப் பழகிய கை, வளைவில் மெதுவாகப் போகச் சொன்னால் தடுமாறும். ஒரு வாரம் மைதானத்தில் பழகிவிட்டுப் போவதில் வெட்கமில்லை. தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் ஒரு திருத்தப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை வேறு. முன்பு எப்போதாவது லைசென்ஸ் ரத்தான ஒருவருக்குப் புதிய லைசென்ஸை மறுக்கும் அதிகாரத்தை 9-ம் பிரிவு கொடுக்கிறது. அதிகாரி உங்களைக் கேட்டு, காரணம் எழுதி மறுக்கலாம். அதற்கும் 30 நாளில் மேல்முறையீடு உண்டு. ஆக, ரத்துக்குப் பிறகு புதிய லைசென்ஸ் நமக்குத் தானாக வரும் உரிமை அல்ல. முன்பு ரத்தானதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்? இங்கே 182-ம் பிரிவு காத்திருக்கிறது. தடையில் இருக்கும்போது வண்டி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். இது பலருக்குத் தெரியும். ஆனால் அதே பிரிவு, தடையில் இருக்கும்போது வேறு லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதையே குற்றமாக்குகிறது. ‘லைசென்ஸ் தொலைந்துவிட்டது’ என்று புகார் கொடுத்து டூப்ளிகேட் வாங்குவது, பக்கத்து மாவட்ட முகவரி காட்டிப் புதிதாக எடுப்பது எல்லாம் புரோக்கர்கள் சொல்லித்தரும் வழிகள். அப்படி வாங்கியது செல்லாது என்று சட்டமே சொல்கிறது. முன்பு ஒரு மாவட்டப் பதிவேடு அடுத்த மாவட்டத்துக்குத் தெரியாது. இப்போது எல்லாம் சாரதியில் ஒரே இடத்தில் இருக்கிறது.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். தடையில் இருந்தவர் ஓட்டியபோது விபத்து என்றால், அதைக் காரணம் காட்டிப் பொறுப்பை மறுக்கும் வாய்ப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். தம்பிக்குத் தடை என்று தெரிந்தும் ‘பக்கத்துலதானே’ என்று சாவியைக் கொடுத்த அண்ணன்தான் அந்த உரிமையாளர். பல லட்சம் இழப்பீடு அவர் தலையில் வந்து விழலாம். போதாக்குறைக்கு, வண்டியைக் கொடுத்ததற்கே 180-ம் பிரிவில் அவர்மீது தனி வழக்கும் வரலாம்.

பழைய குறிப்பு

லைசென்ஸ் திரும்பி வந்தாலும் அதில் தண்டனைக் குறிப்பு இருக்கும். டூப்ளிகேட் எடுத்தால் அந்தக் குறிப்பும் கூடவே புதிய அட்டைக்கு வந்துவிடும். இது நிரந்தரமா என்று கேட்டால், இல்லை. கடைசிக் குறிப்பு விழுந்த நாளிலிருந்து தொடர்ந்து மூன்று வருடம் புதிதாக எதுவும் விழாமல் இருந்தால், குறிப்பில்லாத சுத்தமான லைசென்ஸ் கேட்டு வாங்கும் உரிமையை 25-ம் பிரிவு தருகிறது. அதிவேகத்துக்கு மட்டும் விழுந்த குறிப்பு என்றால் ஒரு வருடம் போதும். தகுதி நீக்கத்தில் இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. பழைய அட்டையை ஒப்படைத்து, கட்டணமும் கட்ட வேண்டும். சட்டத்தில் அந்தக் கட்டணம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது தெரியுமா? ஐந்து ரூபாய்.